தென்காசியிலிருந்து வூஹானுக்கு எத்தனை படி?

2025 நவம்பரில் சீனாவின் வூஹான் நகரில், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் பெண்கள் அணி ஈரானின் பாம் காதூன் அணியை 3-1 என்று வென்றது. ஆசியப் பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கின் குரூப் சுற்றில் இந்திய கிளப் ஒன்றுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. கோல் போட்டவர்களில் இரண்டு பேர், ஃபசிலா இக்வாபுத்தும் ரெஸ்டி நஞ்சிரியும், உகாண்டாக்காரர்கள். அதே மாதம் எகிப்தில் ஆப்பிரிக்கப் பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கின் ஐந்தாவது போட்டி நடந்து, மொராக்கோவின் ஏ.எஸ். ஃபார் கோப்பையைத் தூக்கியது.

இந்தக் கண்டக் கோப்பைகளுக்கு ஓர் அணி எப்படிப் போகிறது? 'செலக்‌ஷன்' என்று பலரும் நினைக்கிறார்கள். செலக்‌ஷன் எல்லாம் மாநில அணிக்கும் தேசிய அணிக்கும்தான். கிளப்பை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அது ஏறித்தான் போக வேண்டும். அந்த ஏணியின் கீழ்க்காலைத் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, மேலகரம் பக்கம் ஊன்றி ஏறிப் பார்க்கலாம். அணி கற்பனை. படிகளும், அவற்றில் ஏறியவர்களும் வழுக்கியவர்களும் நிஜம்.

முதலில் ஆள். பதினோரு பேர் போதாது. காய்ச்சல், பரீட்சை, கல்யாணம் எல்லாம் போக ஆட்ட நாளில் பதினாறு பேராவது தேறவேண்டும் என்றால் பட்டியலில் இருபத்தைந்து பேர் இருக்க வேண்டும். தேடும் இடம் பள்ளிக்கூடம்தான். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போகும் பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலும் முதலமைச்சர் கோப்பையிலும் பெண்களுக்குக் கால்பந்து உண்டு. அங்கே முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறும் அணியில் ஒரு பெண் கடைசி நிமிடம் வரை பந்தைத் துரத்திக்கொண்டிருப்பாள். அவள் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜெயித்த அணியின் நட்சத்திரத்தை எப்படியும் யாராவது விளையாட்டு விடுதிக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். கல்லூரி வயதுப் பெண்களுக்குக் குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி போன்ற இடங்கள் இருக்கின்றன. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்களில் யார் யார் ஆடுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். கல்லூரிக்கு ஆடுகிற பெண் உங்கள் கிளப்புக்கும் ஆடலாம்.

கோல்கீப்பரைக் கால்பந்து ஆடுகிறவர்களிடம் தேடாதீர்கள். எல்லாருக்கும் கோல் போடத்தான் ஆசை. வாலிபால் ஆடுகிற உயரமான பெண்ணுக்குப் பந்து காற்றில் வரும் வழி தெரியும், கையும் பயப்படாது. கீழே விழுந்து எழக் கற்றுக்கொடுத்தால் போதும். தடுப்பாட்டத்துக்குக் கபடிப் பெண்கள். நம் பக்கத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

அடுத்து மைதானம். பெரியவர்கள் ஆட்டத்துக்கு விதி 90 மீட்டர் நீளத்திலிருந்து 120 வரை அனுமதிக்கிறது. சர்வதேச ஆட்டத்துக்கு 100 முதல் 110. பள்ளி மைதானத்தில் அளவு கிடைத்துவிடும். மைதானம் பார்க்கப் போகிற ஆண்கள் புல்லைப் பார்ப்பார்கள், கோல் போஸ்டை ஆட்டிப் பார்ப்பார்கள். நான் சொல்வது, கழிப்பறையை முதலில் பாருங்கள். கதவு பூட்டுகிற, தண்ணீர் வருகிற ஒரு கழிப்பறையும் உடை மாற்ற ஓர் அறையும் இல்லாத மைதானத்தில் பெண்கள் அணி இரண்டு மாதம் தாண்டாது. காரணத்தை யாரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள். ஒவ்வொருத்தியாக வராமல் போவாள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வருகிற காற்றுதான் சுரண்டைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவருவதும் அதுதான். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது சீசன். கோல்கீப்பருக்கு அது வேறு கதை: கிழக்கு கோலிலிருந்து உயர உதைத்த பந்து நடுக்கோட்டைத் தாண்டாமல் திரும்பி வரும், மேற்கிலிருந்து உதைத்தால் ஆளில்லாத இடத்துக்குப் பறக்கும். வெளியூர் அணிகள் இதில் திணறும். உங்கள் பெண்களுக்கு இது பழக வேண்டும். ஆனி, ஆடியில் பந்தைத் தரையோடு தள்ளி ஆடவும், காற்றுக்கு எதிரே முன்பாதி ஆடுகிறபோது குட்டைப் பாஸ்களாகக் கோத்து நகரவும் பழக்குங்கள். வேறு ஊர்க்காரர்கள் பயிற்சியாளருக்குக் காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிற ஆட்டத்தை இங்கே காற்றே கற்றுக்கொடுக்கிறது.

பயிற்சி நேரம் காலை. சாயங்காலம் வைத்தால் கிராமத்துப் பெண்களுக்குக் கடைசி பஸ் பயம், வீட்டுக்கு இருட்டுப் பயம். சீசன் நாட்களில் குற்றாலச் சாலையில் வண்டி நகராது, வீட்டில் சீசன் கடை போட்டிருந்தால் பிள்ளைகள் அங்கேதான் நிற்பார்கள். காலை ஆறு மணிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பயிற்சியின் முதல் இருபது நிமிடம் 'ஃபிஃபா 11 பிளஸ்' என்ற வார்ம்-அப்புக்கு. ஓட்டம், ஒற்றைக்கால் சமநிலை, குதித்து முழங்காலை மடக்கி இறங்குவது என்று வரிசை உண்டு. படத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது. முழங்கால் ஜவ்வு கிழிகிற காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஒரு முறை கிழிந்தால் அறுவை சிகிச்சை, பல மாத ஓய்வு, வீட்டில் 'போதும், நிறுத்து'. ஆகவே இருபது நிமிடத்தில் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்காதீர்கள். பயிற்சியாளர் குறைந்தது 'டி' லைசென்ஸ் முடித்தவராக இருக்கட்டும். அதற்கு மேல் சி, பி, ஏ, புரோ என்று போகிறது.

இதுவரை உங்களிடம் இருப்பது அணி. அதைக் கிளப் ஆக்குவது காகிதம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் பதியலாம். துணைவிதிகள், உறுப்பினர் பட்டியல், அலுவலக முகவரிச் சான்று, கட்டணம் ஆகியவற்றோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகம். பிறகு பான் கார்டு, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். இந்த வேலையில்தான் பல கிளப்புகள் செத்துப்போகின்றன. பொருளாளராக ஓர் ஆட்டக்காரியின் அம்மாவைப் போடச் சொல்வேன். மகளிர் சுயஉதவிக் குழு நோட்டு எழுதிப் பழகிய அம்மாக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் கணக்கில் ரசீது தொலையாது.

பதிவுச் சான்றோடு மாவட்டக் கால்பந்து சங்கத்துக்குப் போங்கள். தென்காசி 2019 நவம்பர் 22 அன்றுதான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. உங்கள் ஊர் எந்தச் சங்கத்தின் எல்லைக்குள் வருகிறது என்பதை வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் வாங்கிவிடுங்கள். மாவட்டச் சங்கம் தமிழ்நாடு கால்பந்து சங்கத்தோடு இணைந்தது, அது அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்போடு, அது ஆசியக் கூட்டமைப்போடும் ஃபிஃபாவோடும். ஆட்டக்காரிகள் ஒவ்வொருத்தரையும் இந்தியக் கூட்டமைப்பின் மையப் பதிவுத் தளத்தில் ஏற்ற வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், புகைப்படம். பெயரின் எழுத்தும் முதலெழுத்தும் எல்லாத் தாள்களிலும் ஒன்றுபோல இருக்கட்டும். பிறப்புச் சான்றில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருந்தால் இப்போதே திருத்துங்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போது இது திரும்ப வரும்.

இந்தச் சங்கிலியில் எங்கோ உயரத்தில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதற்கு 2022 ஆகஸ்ட் சாட்சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்ற கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா, ஆசிய கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் கிளம்பி தாஷ்கெண்டில் இறங்கியது. போட்டி நடக்கவிருந்தது கார்ஷி நகரில். அதே நேரம், வெளியார் தலையீடு என்று காரணம் சொல்லி இந்தியக் கூட்டமைப்பை ஃபிஃபா இடைநீக்கம் செய்துவிட்டது. டெல்லியில் நிர்வாகிகள் தேர்தல் தொடர்பான வழக்கு, உச்ச நீதிமன்றம் அமைத்த நிர்வாகக் குழு என்று ஆட்டக்காரிகளுக்குச் சம்பந்தமே இல்லாத தகராறு அது. தடை பெற்ற நாட்டின் கிளப் ஆட முடியாது. மைதானத்தில் ஒரு பந்தைக்கூட உதைக்காமல் பெண்கள் திரும்பி வந்தார்கள். தடை ஆகஸ்ட் 26 அன்று நீங்கியது. அதற்குள் போட்டி கைவிட்டுப் போயிருந்தது. சங்கக் கூட்டம், தேர்தல், சந்தா இதெல்லாம் சலிப்பான வேலை என்று நினைக்கிற விளையாட்டுக்காரர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

காகிதம் முடிந்தால் ஆட்டம். ஏணியில் இதுதான் மிக நீளமான படி, மிக ஓட்டையான படியும்கூட. மாவட்ட அளவில் பெண்களுக்கு ஆண்டு முழுவதும் நடக்கிற லீக் அரிது. நாக்-அவுட் போட்டியில் முதல் நாள் தோற்றால் அந்த ஆண்டு அதோடு முடிந்தது. கால்பந்து ஆடி ஆடித்தான் வரும். ஆகவே ஆட்டங்களை நீங்களே உண்டாக்க வேண்டும். இதில் தென்காசிக்கு ஒரு வசதி உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். 2018-இல் புனலூர் - செங்கோட்டை அகலப் பாதை திறந்த பிறகு கொல்லம் ரயிலில் ஒரு காலைப் பொழுது தூரம்தான். கேரளத்தில் பெண்களுக்கு மாநில லீக் நடந்திருக்கிறது, கால்பந்தைப் பார்க்கிற கூட்டமும் உண்டு. சென்னைக்குப் பொதிகை ரயிலில் ராத்திரி முழுக்கப் போய் ஓர் ஆட்டம் ஆடுவதைவிட, புனலூர், கொல்லம் பக்கத்து அணிகளோடு மாதம் ஒரு நட்பாட்டம் மலிவு. தோற்பீர்கள். நல்லதுதான்.

மாநிலப் போட்டியில் முதலிடம் பிடித்தால் மாநிலச் சங்கம் உங்களை இந்தியப் பெண்கள் லீக்கின் இரண்டாம் பிரிவுக்குப் பரிந்துரைக்கலாம். அங்கே பல மாநில அணிகள். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் மேல் பிரிவுக்கு. 2024-25 பருவத்தில் அப்படி ஏறியவை கர்வால் யுனைடெட், சேசா அகாடமி. மேல் பிரிவில் எட்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் பதினான்கு ஆட்டங்கள். முதலிடம் பிடித்தவருக்கு ஆசிய வாசல். கடைசி இரண்டு அணிகள் கீழே. அதில் இரக்கம் கிடையாது: 2023-24 சாம்பியன் ஒடிஷா எஃப்.சி. அடுத்த பருவத்திலேயே கீழே இறங்கியது.

தமிழ்நாட்டில் இந்த ஏணியின் உச்சிக்குப் போன கிளப் ஒன்றுதான். சேது எஃப்.சி. மதுரைக்குப் பக்கத்தில் காரியாபட்டியில் இருக்கிற சேது தொழில்நுட்பக் கல்லூரியின் ஆதரவில் 2016-இல் தொடங்கியது. கல்லூரியின் கை இருப்பதால் மைதானம், விடுதி, மூன்று வேளைச் சாப்பாடு என்ற மூன்று பெரிய செலவும் ஒரே இடத்தில் அடங்கிவிடுகின்றன. பெண்கள் கால்பந்தில் மற்றதெல்லாம் பிறகு. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய சாம்பியன் ஆனது, அம்ருதா அரவிந்த் என்ற பெண் பயிற்சியாளரின் கீழ். முந்தின ஆண்டுதான் தமிழ்நாடு மாநில அணியும் கட்டாக்கில் மணிப்பூரைத் தோற்கடித்து முதல் முறையாகத் தேசிய சாம்பியன் ஆகியிருந்தது. கடலூரிலிருந்து இந்துமதி, சந்தியா போன்றவர்கள் இந்திய அணியில் ஆடிக்கொண்டிருந்த காலம்.

சேது ஆசியாவுக்குப் போனதா? இல்லை. போக ஆசியாவில் போட்டி இல்லை. 2019-இல் தென்கொரியாவின் யோங்கினில் முன்னோட்டமாக ஒரு கிளப் போட்டி நடந்தது; ஜப்பான், சீனா, கொரியா, ஆஸ்திரேலியா என்று நான்கே நாடுகள். இந்தியாவுக்கு வாசல் திறந்தது 2021-இல், அப்போது சாம்பியன் பட்டம் கோகுலம் கையில். ஜோர்டானின் அகாபாவுக்குப் போய், இரண்டு ஆட்டம் தோற்று, உஸ்பெகிஸ்தானின் புன்யோத்கோரை 3-1 என்று வென்று வந்தார்கள். சேதுவுக்கு இன்னொரு வாய்ப்பு 2022 மே மாதம் புவனேஸ்வரில் வந்தது. சேதுவும் கோகுலமும் பத்துக்குப் பத்து ஆட்டம் ஜெயித்துவிட்டு, கடைசி ஆட்டத்தில் நேருக்கு நேர். சேது முதல் கோலைப் போட்டு, கடைசியில் 1-3 என்று தோற்றது. வென்றிருந்தால் ஆகஸ்டில் தாஷ்கெண்டில் மாட்டிக்கொண்டிருப்பது சேதுவாக இருந்திருக்கும். அதிர்ஷ்டம் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை.

ஆடுகளத்தில் வென்றால் மட்டும் போதாது, லைசென்ஸ் வேண்டும். ஆசியக் கூட்டமைப்பு ஐந்து வகையில் பார்க்கிறது: விளையாட்டு, மைதான வசதி, ஆட்கள், சட்டம், நிதி. இளையோர் அணி இருக்கிறதா, தகுதிபெற்ற பயிற்சியாளரும் மருத்துவரும் இருக்கிறார்களா, ஆட்டக்காரிகளுக்கு எழுத்தில் ஒப்பந்தம் உண்டா, சம்பளப் பாக்கி இருக்கிறதா, கணக்கு தணிக்கை ஆனதா. அம்மாவைப் பொருளாளராகப் போட்டதன் அருமை இங்கே தெரியும்.

பிறகு ஆசியா. இப்போதைய வடிவில் ஆசியப் பெண்கள் சாம்பியன்ஸ் லீக் 2024-25-இல் தொடங்கியது. முதலில் தகுதிச் சுற்று, பிறகு பன்னிரண்டு அணிகள், நான்கு நான்காக மூன்று குரூப். ஒவ்வொரு குரூப்பின் ஆட்டங்களும் ஒரே ஊரில். எட்டு அணிகள் காலிறுதிக்கு. முதல் கோப்பை சீனாவின் வூஹான் ஜியாங்டாவுக்கு, மெல்போர்ன் சிட்டியைப் பெனால்டியில் வென்று. இந்தியாவின் ஒடிஷா ஜோர்டானில் தகுதிச் சுற்றில் இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்துவிட்டு, வியட்நாமில் குரூப் சுற்றில் ஜப்பானின் உராவா ரெட் டயமண்ட்ஸிடம் 0-17 என்று தோற்றது. பதினேழு. அடுத்த ஆண்டு ஈஸ்ட் பெங்கால் புனோம்பென்னில் ஒரு வெற்றி, ஒரு டிரா என்று தேறி வூஹானுக்குப் போய், முதலில் சொன்ன வெற்றியைப் பெற்றது. மற்ற இரண்டு ஆட்டங்களில் தோல்வி.

ஆப்பிரிக்கா இதை வேறு மாதிரி கட்டியிருக்கிறது. கண்டத்தை ஆறு மண்டலமாகப் பிரித்து (வடக்கு, மேற்கில் இரண்டு, நடு, கிழக்கு, தெற்கு) ஒவ்வொன்றிலும் நாட்டுச் சாம்பியன்கள் தங்களுக்குள் ஒரு போட்டி ஆடுகிறார்கள். ஆறு மண்டல வெற்றியாளர்களோடு இன்னும் இரண்டு இடம். ஆக எட்டு அணிகள் ஒரே நாட்டில், ஓரிரு வாரத்தில் முடித்துவிடுகிறார்கள். 2021-இல் கெய்ரோவில் நடந்த முதல் போட்டியின் இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் மமெலோடி சன்டவுன்ஸ் கானாவின் ஹசாகாஸ் லேடீஸை 2-0 என்று வென்றது. 2023-இல் மறுபடி சன்டவுன்ஸ், 2024-இல் காங்கோவின் டி.பி. மசெம்பே, அதற்குப் பயிற்சி கொடுத்தவர் லாமியா பூமெஹ்தி என்ற மொராக்கோப் பெண். எக்குவடோரியல் கினியா, மாலி போன்ற நாடுகளின் கிளப்புகள்கூட அந்த எட்டு அணிகளுக்குள் இடம்பெற்றிருக்கின்றன. சிறிய நாட்டுக் கிளப் முதலில் பக்கத்து நாட்டோடு மோதுகிறது. நேரே உராவா முன்னால் போய் நிற்பதில்லை. கூடவே, ஆண்கள் கண்டப் போட்டியில் ஆட விரும்புகிற கிளப்புக்குப் பெண்கள் அணியும் இருக்க வேண்டும் என்று அங்கே லைசென்ஸ் விதி வைத்தார்கள். மண்டல முறை தெற்காசியாவுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். கொழும்பும் காத்மாண்டும் டாக்காவும் நமக்கு ஜோர்டானைவிடப் பக்கம்.

பயண ஏற்பாட்டைக் கோப்பை ஜெயித்த பிறகு தொடங்கினால் தாமதம். அணியில் சேருகிற நாளிலேயே பாஸ்போர்ட் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். திருநெல்வேலியில் சேவை மையம் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அப்பா, அம்மா இரண்டு பேரின் சம்மதமும் வேண்டும். 'கோப்பைக்காக' என்று அப்போது சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாதீர்கள், 'அடையாளத்துக்கு' என்று சொன்னால் போதும்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. கிளப் ஏறாமல் போகலாம், ஒருத்தி மட்டும் ஏறலாம். ஹசாகாஸ் அந்த 2021 இறுதியில் தோற்றது, ஆனால் அதன் எவலின் பாடு போட்டியின் சிறந்த ஆட்டக்காரியாகி நார்வே கிளப்புக்குப் போனார். அகாபாவில் ஆடிய மனிஷா கல்யாண் சைப்ரஸின் அப்போலோனுக்குப் போய் ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடினார். அப்படி ஒருத்தி பின்னாளில் ஒரு கிளப்பிலிருந்து இன்னொன்றுக்கு விலைக்கு மாறினால், அந்தத் தொகையில் ஐந்து சதவீதத்தை அவளை வளர்த்த கிளப்புகளுக்குப் பங்கிட வேண்டும் என்பது ஃபிஃபா விதி. பன்னிரண்டு முதல் பதினைந்து வயது வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.25 சதவீதம், அதற்குப் பிறகு இருபத்து மூன்று வயது வரை ஆண்டுக்கு 0.5. பெண்கள் கால்பந்தில் இப்படிப்பட்ட விலை இன்னும் குறைவு; ஆண்களுக்கு உள்ள பயிற்சி இழப்பீடு பெண்களுக்கு இல்லவே இல்லை. இருந்தாலும் பங்கு போகிற வழி பதிவேடுதான். அவள் எந்த வயதில் எந்த கிளப்பில் இருந்தாள் என்று மையப் பதிவுத் தளம் சொல்வதை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். மாநில அணிக்குத் தேர்வான பிறகு அவள் பெயரை ஏற்றினால், மேலகரத்தில் ஆடிய ஆண்டுகள் எங்கும் இருக்காது. பன்னிரண்டு வயதில் முதல் நாள் பயிற்சிக்கு வருகிறாளே, அந்த வாரமே ஏற்றிவிடுங்கள்.